மந்திரி எந்திரியான கதை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓர் அழுத்தமானியின் கையேட்டுக்குப் பிழை திருத்தியது. நான் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் பொறியாளர். தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து முத்திரை வைப்பது என் வேலை. கையேட்டை எழுதியது நான். நான் எழுதிய எதுவும் அம்மாவின் சிவப்புப் பேனாவுக்குத் தப்பி வெளியே போனதில்லை.

வழக்கம்போல நான் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அம்மா இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று தாளைப் பார்த்தாள். முதுகுவலி வந்த பிறகு அவள் உட்கார்ந்து பிழை திருத்துவதில்லை. இஸ்திரி மேசையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, தாள்களைப் பரப்பி, கால்மாற்றிக் கால்மாற்றி நிற்பாள். ஒரே ஒரு நாளைத் தவிர, அந்த மேசையில் பல வருஷமாக யாரும் சட்டை தேய்த்ததில்லை. அப்பா கசங்கிய சட்டையோடு ஊர் சுற்றுவதற்கு அதுதான் காரணம்.

"'அளவு பிசகினால் கருவி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்,'" என்று படித்தேன்.

"எப்படி?"

"எப்படின்னா?"

"எப்படிச் சரி செஞ்சுக்கும்? அடுத்த வரியில இருக்கா?"

"இல்ல. அது உள்ளே நடக்கறதும்மா. வாங்கறவங்களுக்கு எதுக்கு?"

"யாரு செய்யறாங்கன்னும் இல்ல, எப்படிச் செய்யுதுன்னும் இல்ல. அப்ப இது மாயக்கதைடி. அட்டையில ஒரு கோட்டையைப் போட்டுக் குடு."

"அம்மா, இது அழுத்தமானி."

"தெரியுது. அழுத்தக்காரி எழுதினதுதானே. ஒண்ணையும் வெளியே சொல்லாது."

உள்ளே ஒரு சுருள் இருக்கிறது, சூட்டுக்கு அது நீளும், நீண்ட அளவுக்கு முள் திரும்பும் என்று இரண்டு வரி சேர்த்தேன். அம்மா படித்துவிட்டு ஓரத்தில் சரி போட்டாள். "இப்ப அறிவியல் கதை," என்றாள். பிறகு முந்தைய வரியில் நான் விட்டிருந்த ஒரு 'க்'கைச் சேர்த்தாள்.

அம்மா ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் முதலாளி, உள்ளறையில் அச்சுக்கோக்கும் கணினியும் அதன் முன்னால் டைப்செட்டர் அண்ணனும். விற்காத புத்தகங்கள் மாடிப்படியின் ஒரு பக்கம் முழுக்க மூட்டையாக இருக்கும். ஒல்லியானவர்கள் மட்டுமே நேராக ஏறலாம். மற்றவர்கள் பக்கவாட்டில்தான்.

அங்கே அம்மாவுக்குச் சந்தியக்கா என்று பெயர். சந்தியா என்பதன் சுருக்கம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இரண்டு சொல் சந்திக்கும் இடத்தில் க், ச், த், ப் வர வேண்டுமா வேண்டாமா என்று உயிரை எடுப்பதால் வந்த பெயர் அது. வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைத் திருத்துவாள். கல்யாணப் பத்திரிகையைத் திருத்தி, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். அப்பாவைப் பிடித்ததே அப்படித்தான். அப்பா நகரப் பேருந்து ஓட்டினார். அவருடைய வண்டியின் பலகையில் 'சந்தை தெரு' என்று எழுதியிருந்தது. அம்மா படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இதுல ஒரு 'த்' வரணும்," என்றாளாம். "ஏறுறீங்களா, இல்லையா?" என்று கேட்டாராம் அப்பா. மறுநாள் அதே வண்டி வந்தபோது பலகையில் சாக்பீஸால் ஒரு 'த்' இருந்தது. அம்மா ஏறினாள்.

பதிப்பகம் இரண்டு வகை நாவல் போட்டது. அட்டையில் கோட்டை இருந்தால் மாயக்கதை. ராக்கெட் இருந்தால் அறிவியல் கதை. புதிதாக ஒரு கையெழுத்துப் படி வந்தால் அம்மா நாலு பக்கம் புரட்டிவிட்டு முன்னறையைப் பார்த்துக் கத்துவாள்: "மந்திரம்!" அல்லது, "எந்திரம்!" முதலாளி அதை வைத்துத்தான் அட்டை வரைகிறவருக்குச் சொல்லி அனுப்புவார். எங்கள் வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. அப்பா வாங்கி வந்த தைலத்தில் மூட்டுவலி போனால் மந்திரம். மாத்திரையில் போனால் எந்திரம்.

மருந்துச் சித்தி இந்தக் கதைக்குள் வந்தது அந்த மந்திர, எந்திர விஷயத்தில்தான். சித்தி என்று நான் கூப்பிடுகிறேனே தவிர, சொந்தம் இல்லை. எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு நாவல் எழுதியிருந்தார். 'முந்நூறாண்டுத் துயில்' என்று பெயர். சாபத்தால் உறங்கிப்போன ஓர் அரசன். அவன் கட்டிலைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் மந்திரிகள். அவனை எழுப்பும் மந்திரத்தைத் தேடிக் கடல் தாண்டிப் போகும் ஒரு பெண். பறக்கும் நாற்காலி, பேசும் கதவு எல்லாம் உண்டு. ஒரு பக்கம் வறட்டு இருமல், மறுபக்கம் அரண்மனை என்று அந்தக் கட்டைப் புரட்டுவதே ஒரு சுகமாக இருக்கும்.

நாலு பதிப்பகம் திருப்பி அனுப்பியதை அம்மாதான் தங்கள் முதலாளியிடம் கொண்டுபோனாள். அவர் படித்தார். பிடித்திருந்தது. ஆனால் தலையை ஆட்டினார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. மாயக்கதை இப்ப போக மாட்டேங்குதுக்கா. மாடிப்படியைப் பாருங்க. எந்திரமா மாத்திக் குடுத்தா உடனே அச்சுக்கு அனுப்பறேன். இல்லேன்னா என்னால முடியாது."

அம்மா அதைச் சொன்னபோது சித்தி கல்லாவைத் திறந்து மூடினார். சில்லறை எதுவும் எடுக்கவில்லை.

"அஞ்சாவது இடம் அக்கா இது. இனிமே யார்கிட்டயும் போக எனக்குத் தெம்பு இல்ல. வாழ்க்கை பூரா அட்டைப் பெட்டியில யார் யார் பேரோ படிச்சாச்சு. ஒரு அட்டையிலயாவது என் பேரு வரணும்னு பார்த்தேன்."

"வரும்," என்றாள் அம்மா. "நான் ஆச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் மாநாடு. சாப்பாட்டு மேசையில் நான், அப்பா, சித்தி. இஸ்திரி மேசையில் அம்மா.

"இதுல என்ன பெரிய கஷ்டம்?" என்றாள் அம்மா. "மந்திரத்துக்கும் எந்திரத்துக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். மந்திரக்கோலை எந்திரக்கோலா ஆக்கு. மந்திரவாதியை எந்திரவாதி ஆக்கு. முடிஞ்சுது."

"அது மாறுவேஷம்மா," என்றேன். "கோலுக்குப் பேரு மாத்தினா அது அறிவியல் ஆயிடுமா? எங்க கூடத்துல ஒரு தராசு இருக்குன்னு வெச்சுக்கோ. ஒரே எடைக்கல்லைப் பத்துத் தடவை வெச்சா பத்துத் தடவையும் ஒரே அளவு காட்டணும். யாரு வெச்சாலும் காட்டணும். அது அறிவியல் கதை. பொய் சொன்னவன் வெச்சா மட்டும் எடை கூடுதுன்னா, அது மாயக்கதை."

"அப்படி ஒரு தராசு இருந்தா நல்லா இருக்குமே," என்றார் சித்தி.

"இருந்தா நான் முத்திரை வைக்க மாட்டேன் சித்தி."

"நீ வைக்காட்டி என்ன, அதை நான் படிப்பேன்."

அப்பா தட்டை வழித்துக்கொண்டே தன் பங்குக்குச் சொன்னார்: "நானும் பார்த்துட்டேன். மாயக்கதையில குதிரை பறக்குது. அறிவியல் கதையில கார் பறக்குது. ரெண்டுலயும் ஓட்டறவனுக்குப் பேரே கிடையாது."

"உங்களுக்கு எல்லாம் வண்டிதான்," என்றாள் அம்மா.

"பின்னே? ஏறி உக்காந்த இளவரசிக்கு நாலு பக்கம் வர்ணனை. ஓட்டினவன் சாப்பிட்டானான்னு ஒருத்தன் கேக்கறது இல்ல."

பறக்கும் நாற்காலிதான் பெரிய சிக்கலாக இருந்தது. அது பேராசைக்காரனைச் சுமக்க மறுக்கும் என்று ஓர் அத்தியாயமே இருந்தது. இவன் பேராசைக்காரன் என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மந்திரத்துக்கு எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் என்றார் சித்தி. மந்திரத்தை யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், எந்திரத்தை எல்லோரும் கேட்பார்கள் என்றேன். அம்மா பேனாவை மூடி, "உன்னை யாரு கேட்டா? அதெல்லாம் படிக்கறவங்க ஒத்துப்பாங்க," என்று மாநாட்டை முடித்துவைத்தாள்.

மறுநாள் டைப்செட்டர் அண்ணனிடம் அவள் சொன்னது இதுதான்: "'மந்திர'ன்னு வர்ற இடம் பூரா 'எந்திர'ன்னு மாத்திடு. ஒரே அமுக்கு."

அண்ணன் ஒரே அமுக்காக அமுக்கினார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவைப்படுகிறது. நமக்கு 'ரி' ஓர் எழுத்து. கணினிக்கு அது இரண்டு: ஒரு 'ர', அதில் மாட்டிய ஒரு கொக்கி. 'மந்திர' என்பதை மாற்றச் சொன்னால் அது கொக்கி மாட்டிய மந்திரியையும் விடாது. முன்பாதியை மாற்றிவிட்டுக் கொக்கியை அப்படியே வைக்கும். மந்திரி எந்திரி ஆகிவிடுவான். அதோடு நிற்காது. 'சுமந்திருந்தாள்' என்ற சொல்லுக்கு நடுவிலும் 'மந்திர' ஒளிந்திருக்கிறது. பாவம், யாரும் கண்டுகொள்வதில்லை. கணினி கண்டுகொண்டது. 'சுஎந்திருந்தாள்' ஆக்கியது.

சாதாரணமாக இது நடந்திருக்காது. எந்தத் தாளும் அம்மாவின் கண்ணைத் தாண்டி முன்னறைக்குப் போகாது. ஆனால் அன்று புத்தகக் கடைக்காரர்களின் கூட்டம். முதலாளி புது அறிவியல் நாவல் வருகிறது என்று அங்கே ஓர் அத்தியாயம் படித்துக்காட்ட ஒத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். அம்மா பல் டாக்டரிடம் போயிருந்தாள்.

கூட்டத்தில் நடந்ததை டைப்செட்டர் அண்ணன்தான் எங்களுக்கு நடித்துக்காட்டினார். முதலாளிக்கு நல்ல கம்பீரமான குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாராம்.

"'அரசன் உறங்கிக்கொண்டிருந்தான். கட்டிலருகே எந்திரி நின்றான்.'"

பின்வரிசையிலிருந்து ஒருவர்: "எந்திரிச்சு நின்னானா?"

முதலாளி நிமிரவில்லை. அறிவியல் கதை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டே படித்திருக்கிறார். "'எந்திரி குனிந்தான். எந்திரி பெருமூச்சு விட்டான். இளைய எந்திரி மூத்த எந்திரியைப் பார்த்தான்.'"

முன்வரிசையில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மூன்றாவது எந்திரிக்குத் திடுக்கிட்டு எழுந்து, "என்னப்பா, முடிஞ்சுதா? காபி வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பணிப்பெண் குடத்தைச் சுஎந்திருந்தாள் என்று வந்ததும், "வேற்றுக்கிரகத்துப் பாஷையா?" என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டாராம். அது இன்னும் மோசம்.

முதலாளி திரும்பி வந்து, மாடிப்படியில் பக்கவாட்டில் ஏறக்கூடப் பொறுமை இல்லாமல் இரண்டு மூட்டையைத் தள்ளிவிட்டு, உள்ளறை வாசலில் நின்றார்.

"சந்தி சிரிச்சுப் போச்சுக்கா!"

டைப்செட்டர் அண்ணன் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். சந்தியக்கா சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள்.

"என் தப்பு," என்றாள்.

"யார் தப்போ. அந்த நாவல் வேணாம். அந்தப் பேரைச் சொன்னாலே இனிமே சிரிப்பானுங்க. தூக்கிப் போடுங்க."

அன்று வீட்டுக்கு வந்த அம்மா, இஸ்திரி மேசையில் சட்டை தேய்த்தாள். ஒன்று, இரண்டு அல்ல, அலமாரியில் இருந்த அத்தனையும். அப்பா பயந்துவிட்டார். கதவோரம் நின்று என்னிடம் கிசுகிசுத்தார்: "உங்க அம்மாவுக்கு என்னடி ஆச்சு? எனக்கு ஏதாவது ஆயிடுச்சா? டாக்டர் எதாவது சொன்னாரா?"

மறுநாள் எனக்கு விடுமுறை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். அந்தத் தாள்களைக் கல்லாமேல் வைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். முதலாளி சொன்னதையும் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை.

சித்தி தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்போது ஒரு பெண் வந்து சளிக்கு மருந்து கேட்டார். உதவிக்கு இருந்தவர் எடுத்துக் கொடுக்கப் போனார். "நீங்க வேணாம், அந்தம்மா கையால குடுக்கச் சொல்லுங்க. அவங்க குடுத்தாத்தான் கேக்குது," என்றார் அந்தப் பெண். சித்தி எழுந்து, அதே அலமாரியிலிருந்து அதே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது மந்திரமா எந்திரமா, நீயே சொல்லு பொறியாளரம்மா."

மாத்திரை எந்திரம். கை என்ன என்று தெரியவில்லை.

சித்தி உட்கார்ந்து தாள்களைப் படிக்க ஆரம்பித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அம்மா கையை நீட்டினாள். அழவில்லை. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா... 'இளைய எந்திரி மூத்த எந்திரியைப் பார்த்தான்'..."

"சிரிக்காதே. வயித்தெரிச்சலா இருக்கு எனக்கு."

"இல்லக்கா, இதைப் பாருங்க. முந்நூறு வருஷமா ராஜா தூங்கறான். கட்டிலைச் சுத்தி எல்லாரும் 'எந்திரி'ன்னே நிக்கறாங்க. ஒருத்தன்கூட அவனைப் பார்த்து 'எந்திரி'ன்னு சொல்லல!"

அம்மா தாளை வாங்கினாள்.

"என்ன சொன்னாங்க அப்ப?"

"'எழுந்தருள்க'ன்னுதான். நான் அப்படித்தானே எழுதியிருக்கேன். ராஜா ஆச்சே. மந்திரி, தளபதி, ராணி எல்லாரும் எழுந்தருள்க, எழுந்தருள்க. எவனுக்குத் தூக்கம் கலையும்?"

அம்மா சிரிப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் கொஞ்ச நேரம் பிடித்தது. இருமல் மருந்து வாங்க வந்தவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

அதன்பின் எல்லா ஞாயிறு மதியமும் எங்கள் வீட்டில்தான். சித்தி திருத்தி எழுதுவார். அம்மா நின்றபடி படிப்பாள். என்னிடம் கேள்விகள் வரும். அரசன் சாபத்தால் தூங்கவில்லை, நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும்வரை தூங்கவைக்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறான் என்று ஆனது. முந்நூறு வருஷம் பெட்டி எதில் ஓடும் என்று கேட்டேன். கோட்டைக்கு அடியில் ஓர் ஓடை வந்தது, அதில் ஒரு சக்கரம் வந்தது. எழுப்பும் சொல்லைக் கேட்டால் பெட்டி திறக்கும்படி செய்துவைத்தவள் அரசனின் தாய். அவள் தினமும் அவனை எப்படி எழுப்புவாளோ அந்தச் சொல். மரியாதை தெரிந்தவர்கள் யாரும் முந்நூறு வருஷமாக அதைச் சொல்லவில்லை.

பறக்கும் நாற்காலியை நான் தீர்த்துவைத்தேன். பேராசைக்காரன் மடி நிறையப் பொன்னை அள்ளிக்கொண்டு உட்காருவான். எடை கூடும். நாற்காலி கிளம்பாது. ஒரு கதைக்கு நான் செய்த ஒரே உதவி அது. அம்மா அந்தப் பக்கத்தில் போட்ட சரி, மற்ற சரிகளைவிடக் கொஞ்சம் பெரியது. அப்பாவின் மனுவும் ஏற்கப்பட்டது: நாற்காலி ஓட்டுகிறவனுக்கு ஒரு பெயரும் ஒரு வேளைச் சாப்பாடும் கிடைத்தன.

கடைசி அத்தியாயத்தைச் சித்தி எங்களுக்குப் படித்துக்காட்டினார். கடல் தாண்டிப் போன பெண் இப்போது இல்லை. அந்த அறையைப் பெருக்க வரும் பெண் இருக்கிறாள். வேலைக்குப் புதிது. பெட்டிக்கு அடியில் குப்பை. எல்லாரும் சுற்றி நின்று எழுந்தருள்க பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு இன்னும் நாலு அறை பாக்கி. துடைப்பத்தால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

"'எந்திரி. பெருக்கணும்.'"

அப்பா மேசையைத் தட்டினார். "இதைத்தான் நான் தினமும் கேக்கறேன்!"

அம்மா தாள்களை அடுக்கி முதலாளியிடம் கொண்டுபோனாள். அவர் வேண்டாம் என்றார். "சும்மா கடைசி ரெண்டு பக்கம் படிங்க," என்றாள். அவர் கடைசி இரண்டு பக்கம் படித்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து படித்தார். வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று டைப்செட்டர் அண்ணன் சொல்கிறார். சிரித்தா, மற்றதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"போடலாம்கா. அந்தக் கூட்டத்துல சிரிச்சவங்களுக்கெல்லாம் மறுபடி படிச்சுக் காட்டறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இது மந்திரமா, எந்திரமா? பின்னட்டையில வகை போடணும். கடைக்காரன் அதைப் பார்த்துத்தான் எந்தத் தட்டுல அடுக்கறதுன்னு முடிவு பண்ணுவான்."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அம்மா உடனே சொல்லவில்லை.

அது பெரிய சண்டையானது. வீட்டில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"எந்திரம்," என்றேன். "பெட்டி இருக்கு, சக்கரம் இருக்கு. யாரு அந்தச் சொல்லைச் சொன்னாலும் திறந்திருக்கும். சோதிச்சுப் பார்க்கலாம்."

"யாரு சொன்னாலும் திறக்கும். சரி," என்றார் சித்தி. "ஆனா முந்நூறு வருஷமா ஒருத்தருக்கும் வாய் வரலையே? அந்தப் பொண்ணுக்கு மட்டும்தானே வந்துது? யாரு சொல்றாங்கங்கறதுலதான் விஷயம்னா அது மந்திரம்தானே?"

"ராஜாவோட அம்மா சொல்ற மாதிரி அவ சொன்னா, அதனால திறந்துது," என்றேன். "சொல்லுக்கு ஒரு பதிவு, ஒரு பொருத்தம். அவ்வளவுதான்."

"அம்மா சொன்னா எந்திரிக்கறது எந்திரமாடி உனக்கு?" என்றார் சித்தி.

நான் அம்மாவைப் பார்த்தேன். தீர்ப்பு அங்கேதான். அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப சந்தோஷமாக இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. எந்தத் தட்டிலும் அடங்காத ஒன்றை யாரோ அவள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

"அவசரப்படுத்தாதீங்க. யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "திங்கக்கிழமை முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

சித்தி கெஞ்சினார். "அதுவரைக்கும் புத்தகம் அச்சுக்குப் போகாதேக்கா. எனக்கு இருப்புக் கொள்ளலை."

"அஞ்சு இடம் அலைஞ்சே. ரெண்டு நாள் பொறுக்க மாட்டியா? தப்பான தட்டுல அடுக்கிட்டா உன் புத்தகத்தை யாரு தேடி எடுக்கறது?"

மறுநாள் ஞாயிறு. சித்தி வரவில்லை. அம்மாவும் நானும் அழுத்தமானிக் கையேட்டை முடித்தோம். அம்மா அப்பாவோடு சண்டை போட்டாள், சமாதானமானாள், சீக்கிரம் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் எழுந்திருக்கவில்லை. எப்போதும் அவள்தான் என்னை எழுப்புவாள். அன்று நான் அவளை எழுப்பினேன். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எழுப்பினேன். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். எப்படி என்று விளக்கினார். எனக்கு அது புரிகிறது. புரிந்து ஒன்றும் ஆகவில்லை.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். டைப்செட்டர் அண்ணன் இரங்கல் செய்தியை அடித்து எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "ஒற்று எல்லாம் சரியா இருக்கான்னு பாரும்மா. ஏதாவது விட்டிருந்தா அக்கா என்னை விடாது," என்றார். பார்த்தேன். ஒன்று விட்டிருந்தது. சேர்த்துக் கொடுத்தேன். அப்பா அந்தத் துக்கத்திலும், "எந்த இடத்துல?" என்று கேட்டார்.

நேற்று முதலாளி வந்தார். வெகுநேரம் வேறெதையோ பேசினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். நாவல் முழுதும் தயார். அட்டையும் தயார். வரைகிறவர் கோட்டையும் போடாமல் ராக்கெட்டும் போடாமல் ஒரு துடைப்பம் வரைந்திருக்கிறார். அச்சகத்தில் இடம் பிடித்தாகிவிட்டது. பின்னட்டையில் ஒரே ஓர் இடம் மட்டும் காலி. அக்கா சொல்வதாகச் சொன்னதால் அவர் வேறு யாரையும் கேட்கவில்லை.

"நானே ஏதாவது போட்டிருக்கலாம். கை வரலம்மா. அவங்க உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?"

சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. சித்தியிடம் கேட்டேன். "என்கிட்ட எங்கே சொன்னாங்க? நானும் திங்கக்கிழமைக்குத்தான் காத்திருந்தேன்," என்றார். அவசரம் இல்லை என்றும் சொன்னார். பொய். கடைக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும், இன்னும் அச்சுக்கே போகாத அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

பின்னட்டைத் தாள் அம்மாவின் பையில் இருந்தது. கண்ணாடிக் கூடுக்கும் பல் டாக்டர் சீட்டுக்கும் நடுவில், மடிப்புக் கலையாமல். கதைச் சுருக்கத்தில் இரண்டு 'ப்' சேர்த்திருக்கிறாள். சித்தியின் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அம்புக்குறி இட்டிருக்கிறாள். கீழே 'வகை' என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் அச்சுக்கோப்பவருக்கு, சிவப்பு மையில்: 'இடம் விடவும்.' திங்கட்கிழமைவரைக்குமா, எப்போதைக்குமா என்று எழுதவில்லை.

அதை அப்படியே பதிப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டயர் கடைக்கு மேலே, முதல் மாடி. அப்பா கசங்காத சட்டை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டி வாசலில் நிற்கிறார். தானும் வருகிறாராம்.